ஒரு எஸ்ஸும் மூணு குட்டி வார்த்தைங்களும்: இங்கிலீஷ் டீச்சர்கிட்ட கேளுங்க

போன தடவ "இங்கிலீஷ்ல உங்களுக்கு எங்க இடிக்குது, எழுதி அனுப்புங்க"ன்னு ஒரு வரி போட்டோம். வந்து குவிஞ்சதுல முக்காவாசி ரெண்டே விஷயம்தான். ஒண்ணு, வெர்ப்ல அந்த எஸ் எப்ப ஒட்டும், எப்ப ஒட்டாது. இன்னொண்ணு, எ, ஆன், தி மூணையும் எங்க போடறது, எங்க விடறது. கிராமர் புக்ல இருக்குற விதிய நான் இங்க திருப்பி எழுதப் போறதில்ல, அது உங்க வீட்டுப் பரண்லயே கெடக்கும். நாம தமிழ்ல எப்படிப் பேசுறோம்னு கொஞ்சம் காது குடுத்துக் கேட்டா எங்க வழுக்குதுன்னு தானா தெரிஞ்சிடும்ங்கிறது என் கட்சி.

இல்லத்தரசி, ஈரோடு: டீச்சர், எட்டாவது படிக்கிற எம் பொண்ணுகிட்ட இங்கிலீஷ் பேசிப் பழகுறேன். "ஹி கோ டு ஆபீஸ்"னு சொன்னா விழுந்து விழுந்து சிரிக்கிறா. ஐ-க்கு எஸ் வேணாம், யூ-வுக்கு வேணாம், தே-வுக்கு வேணாம், ஹி ஷி இட் வந்தா மட்டும் ஏன் வால் மொளைக்குது?

பொண்ணக் கூப்பிட்டு "அப்பா ஆபீஸ் போறேன்"னு சொல்லிக் காட்டுங்கம்மா, எவ்ளோ கோணலா இருக்கு? நீங்க சொன்ன "ஹி கோ" அவ காதுல அப்படித்தான் விழுது. நம்ம வினைச்சொல்லுக்குள்ளயே ஆள் ஒளிஞ்சிருக்காரு. போறேன்னா நான், போறன்னா நீ, போறான், போறா, போறாங்க, போகுது, ஒவ்வொண்ணுக்கும் தனி வால். தொல்காப்பியத்துல சொல்லதிகாரம் ஆரம்பிக்கிற இயல் கிளவியாக்கம், அதுல முக்காவாசி இந்தப் பொருத்தம்தான், திணை மாறக்கூடாது பால் மாறக்கூடாதுன்னு. ஆக எழுவாய்க்கு ஏத்த மாதிரி வினை மாறணும்ங்கிறத யாரும் நமக்கு வந்து சொல்லித்தர வேண்டியதில்ல, ஆறுக்கு மேல வால் வெச்சிருக்கோம், அவங்ககிட்ட இருக்குறது ஒண்ணே ஒண்ணு, அதப் போயி மறந்துடறோம்.

ஏன் மறக்குறோம்னா, நமக்கு அந்த வால்தான் சேதி சொல்லுது. "போறான்"னு மட்டும் சொன்னா போதும், அவன்னு தனியா சொல்ல வேண்டாம். இங்கிலீஷ்ல ஹின்னு முன்னாடியே சொல்லியாச்சு, அப்புறம் எஸ் எதுக்குன்னு மூளை சோம்பேறித்தனம் பண்ணுது. நியாயமான சோம்பேறித்தனம்தான். அங்கயும் ஒரு காலத்துல ஆளுக்கொரு வால் இருந்து, தேஞ்சு தேஞ்சு மிஞ்சினதுதான் இது. 1611ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிள எடுத்து 23ஆம் சங்கீதத்தப் பாருங்க, "ஹி மேக்கெத் மீ டு லை டவுன்"னு இருக்கும். அந்த எத் கழண்டு விழுந்து, இங்கிலாந்தோட வடக்குப் பக்கப் பேச்சுலருந்து வந்த எஸ் அங்க உக்காந்துருச்சு.

யூ கதை இன்னும் நல்லாருக்கும். யூங்கிறது முதல்ல "நீங்க"தான், நீன்னு சொல்ல "தவ்"னு ஒரு வார்த்தை தனியா இருந்துச்சு. மரியாதைக்காக ஒரே ஆளையும் யூ யூன்னு கூப்பிட்டுக் கூப்பிட்டு தவ் வழக்குலருந்தே போயிடுச்சு. ஒத்த ஆளப் பாத்து "யூ ஆர்"னு பன்மையில பேசுறது அதனாலதான். நாம "அம்மா வந்தாங்க"ங்கிறோமே, அதே கதை.

ஒண்ணு மட்டும் கவனம்மா, "டஸ் ஹி கோஸ்", "ஹி டஸ் நாட் கோஸ்" வேண்டாம். வாக்கியத்துக்கு எஸ் ஒண்ணுதான், அத டஸ் எடுத்துட்டுப் போயிட்டா கோ வெறுங்கையோடதான் நிக்கும். நேத்து நடந்ததச் சொல்லும்போது அந்தத் தொல்லையும் கெடயாது, ஐ வென்ட், ஹி வென்ட், தே வென்ட், எல்லாம் ஒண்ணுதான். வாஸ், வேர் மட்டும் அடம் பிடிக்கும்.

ஐடி ஊழியர், சோழிங்கநல்லூர்: மீட்டிங்ல "எவ்ரிபடி ஹேவ் அக்செப்டட்"னு சொன்னேன், மேனேஜர் எல்லார் முன்னாடியும் "ஹேஸ்"னு திருத்தினாரு. எவ்ரிபடின்னா எல்லாரும்தானே? அதே ஆளு அப்புறம் "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட் ஆர்"னு சொன்னப்போ நான் வாயத் தொறக்கல.

தொறந்திருக்கலாம் தம்பி, ஆனா அப்ரைசல் நேரம்னா தொறக்காததே நல்லது. "எல்லாரும் வந்தாங்க", "ஒவ்வொருத்தரும் கேட்டாங்க"ன்னு நமக்குப் பன்மையாவே வந்து பழக்கம், அதனாலதான் ஹேவ் நுழையுது. இங்கிலீஷ்காரன் எவ்ரிபடிய கூட்டமா பாக்கல, அதுல இருக்குற "படி" ஒத்த ஆளு. ஒவ்வொரு ஆளா நிக்கவெச்சு எண்றான், அதனால ஹேஸ். எவ்ரிஒன், நோபடி, சம்படி, ஈச், எல்லாம் அதே வரிசை.

உங்க மேனேஜரோட ரெண்டாவது தப்புக்குத் தமிழே மருந்து. "என் ஃப்ரெண்ட்ஸ்ல ஒருத்தன் வந்தான்"னு சொல்லுங்க. ஃப்ரெண்ட்ஸ் பல பேரு, ஆனா வந்தது ஒருத்தன், "ஃப்ரெண்ட்ஸ்ல ஒருத்தன் வந்தாங்க"ன்னு யாரும் சொல்லமாட்டோம். அதே கணக்குதான் இங்கயும், "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ்". ஃப்ரெண்ட்ஸ்ல எஸ் கட்டாயம், இஸ்ஸும் கட்டாயம்.

வங்கி ஊழியர், கும்பகோணம்: கஸ்டமருக்குப் போற லெட்டர்ல "தி டீடெய்ல்ஸ் ஆஃப் தி அக்கவுண்ட் இஸ்"னு டைப் பண்ணிடறேன். படிக்கும்போது சரியாத்தான் இருக்கு, எங்க தப்பு?

சரியா இருக்குற மாதிரி இருக்குறதுதான் இதுல சிக்கலே. அக்கவுண்ட் பக்கத்துலயே இஸ் வந்து உக்காந்ததும் ஜோடி பொருந்திப் போச்சுன்னு கண்ணு ஏமாறுது. நம்ம மொழியில முக்கியமான ஆளு கடைசியா வருவாரு, வினைக்குப் பக்கத்துல. "கணக்கோட விவரங்கள்"னு சொன்னா விவரங்கள்தான் ஹீரோ, கணக்கு சும்மா கூட வந்தது. இங்கிலீஷ்ல ஹீரோ முன்னாடியே வந்து நின்னுடுவாரு, அப்புறம் ஆஃப் போட்டு ஒரு கும்பலே பின்னால வரும், வினை வர்றதுக்குள்ள ஹீரோவ நாம மறந்தே போயிடுவோம்.

அதனால சந்தேகம் வந்தா மனசுக்குள்ள தமிழ்ல ஒருவாட்டி சொல்லிப் பாருங்க, கடைசில எந்தச் சொல்லு வருதோ அதுக்குத்தான் வினை. கணக்கோட விவரங்கள், அப்ப ஆர். மாம்பழங்களோட தரம், அப்ப "தி குவாலிட்டி ஆஃப் தி மேங்கோஸ் இஸ்". கேண்டிடேட்ஸோட லிஸ்ட், அப்ப இஸ். ஒரு எடத்துல மட்டும் இது காலை வாரும், "எ நம்பர் ஆஃப் கஸ்டமர்ஸ்"னா பல கஸ்டமர்கள்னு அர்த்தம், அதுக்கு ஆர். "தி நம்பர் ஆஃப் கஸ்டமர்ஸ்"னா எண்ணிக்கை, அதுக்கு இஸ். எ போய் தி வந்ததும் வினையே மாறுது பாருங்க.

பிளஸ் டூ மாணவி, விருதுநகர்: மிஸ், தி எங்க போடறதுன்னே தெரியல. நான் எல்லா எடத்துலயும் போட்டுர்றேன், என் ஃப்ரெண்ட் எங்கயும் போடமாட்டா. ரெண்டு பேருக்கும் ஒரே மார்க்தான் வருது.

சிரிச்சுட்டேன்மா. முதல்ல மனசத் தேத்திக்கோ, ரஷ்யாக்காரன், சீனாக்காரன், ஜப்பான்காரன் எல்லாருக்கும் இதே பாடுதான், அவங்க மொழியிலயும் ஆர்ட்டிகிள் கெடயாது. ஆனா ஆர்ட்டிகிள் இல்லன்னா ஆர்ட்டிகிள் செய்யிற வேலையே தமிழ்ல இல்லன்னு ஆயிடாது, அந்த வேலைய நாம வேற எடத்துல செய்யிறோம்.

இதக் கவனி. "புக் வாங்கினேன்." "புக்க வாங்கினேன்." ரெண்டும் ஒண்ணா? மொதல் வாக்கியத்துல ஏதோ ஒரு புக். ரெண்டாவதுல, எந்த புக்னு உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும், நேத்து பேசிட்டிருந்தோமே அது. "டீ குடிச்சியா?"ன்னா சும்மா விசாரிக்கிறாங்க, "டீய குடிச்சியா?"ன்னா உன் முன்னாடி ஆறிப்போயி ஆடை கட்டி நிக்குது பாரு, அந்த டீ. அந்த மாத்தத்தப் பண்றது இரண்டாம் வேற்றுமை, நீ ஆறாங்கிளாஸ்ல மனப்பாடம் பண்ண அதே ஐ. அந்த ஐ வந்து ஒட்டுற எடத்துல இங்கிலீஷ்ல பெரும்பாலும் தி வரும். "ஐ பாட் எ புக்", "ஐ பாட் தி புக்". "கதவச் சாத்து"ங்கிறோம், வெறுமனே "கதவு சாத்து"ன்னு சொல்லமாட்டோம், ஏன்னா எந்தக் கதவுன்னு தெரிஞ்சதுதான், அதனால "ஷட் தி டோர்".

பெரும்பாலும்னு சொன்னேன், எப்பவும்னு சொல்லல. மனுஷங்களப் பத்திப் பேசும்போது இந்த ஐ எப்படியும் வந்துரும், "ஒரு பையனப் பாத்தேன்"ங்கிறோம், அங்க பையன் புது ஆளு, இங்கிலீஷ்ல எ பாய்தான். ஆக ஒருன்னு முன்னாடி இருந்தா ஐய நம்பாத. எழுவாயா வரும்போதும் ஐ இருக்காது. பஸ் ஸ்டாப்ல நின்னுட்டு "பஸ் வந்துருச்சு"ன்னா நாம காத்துக்கிட்டிருந்த பஸ், அங்க தி. "ஒரு பஸ் வந்துச்சு, கூட்டமா இருந்துச்சு, ஏறல"ன்னா எ. அந்தன்னு சேத்துப் பாரு பொருந்துதா, ஒருன்னு சேத்துப் பாரு பொருந்துதா, ரெண்டும் பொருந்தலன்னா பெரும்பாலும் ஒண்ணுமே வேணாம். "தண்ணி இல்லாம உயிர் இல்ல"ங்கிறதுல எந்தத் தண்ணியும் குறிப்பா இல்ல, அதனால வெறும் வாட்டர், வெறும் லைஃப்.

பேருங்களுக்கு மட்டும் இந்த வைத்தியம் செல்லாது, உரு போடத்தான் வேணும். ஆறுன்னா தி காவேரி, மலைத்தொடர்னா தி ஹிமாலயாஸ், தி நீல்கிரிஸ். ஊட்டிக்கு, மதுரைக்கு ஒண்ணும் கெடயாது, எவரெஸ்ட்டு தனி மலை, அதுக்கும் கெடயாது. அப்புறம், "ஒரு அட்வைஸ் சொல்லட்டா"ன்னு நாம சொல்றதால "ஆன் அட்வைஸ்"னு எழுதிடாத, இங்கிலீஷ்ல அட்வைஸ் தண்ணி மாதிரி, எண்ண முடியாது. இன்ஃபர்மேஷனும் ஃபர்னிச்சரும் அதே.

டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவர், திருவாரூர்: எம்எல்ஏவுக்கு முன்னாடி எ-யா, ஆன்-ஆ? எம் வவல் இல்லையே. யூனிவர்சிட்டிக்கு மட்டும் ஏன் எ?

எழுத்தப் பாக்காதீங்க, சத்தத்தக் கேளுங்க. எம்னு சொல்லும்போது வாயில முதல்ல வர்றது எ, உயிரெழுத்து, அதனால ஆன் எம்எல்ஏ. யூனிவர்சிட்டி யகரத்துல ஆரம்பிக்குது, அதனால எ. ஹவர்ல ஹ ஊமை, ஆன் ஹவர். எஃப்ஐஆர், எஸ்பி, ஏடிஎம் எல்லாம் ஆன், டிஎஸ்பி எ.

ஆனா "சத்தத்தக் கேளு"ன்னு எல்லா புக்லயும் போட்டுட்டு விட்டுர்றாங்க, நம்ம ஊர் வாய்ல அந்த சத்தம் எப்படி வருதுன்னு எவனும் பாக்கல. டீக்கடைல ஒருத்தர எம்எல்ஏன்னு சொல்லச் சொல்லுங்க, "யெம்மெல்லே"ன்னுதான் வரும். எஸ்பி "யெஸ்பி". நமக்கு எகரத்துக்கு முன்னாடி ஒரு குட்டி யகரம் தானா ஒட்டிக்கும், அதனால காது எ எம்எல்ஏன்னு தீர்ப்பு சொல்லிடுது, காது மேல தப்பே இல்ல. அந்த யகரத்தக் கழட்டிட்டுத்தான் கேக்கணும். "ஒன்"ங்கிற இங்கிலீஷ் வார்த்தைல மட்டும் நம்ம பழக்கம் உதவுது, "வொன்"னுதான் சொல்றோம், அவங்களும் வகரத்துலதான் ஆரம்பிக்கிறாங்க, அதனால எ ஒன் ருப்பி காயின்.

ஹெச்சுதான் பெரிய ரகள. நாம "ஹெச்"ங்கிறோம், இங்கிலாந்துலயும் அமெரிக்காவுலயும் பொதுவா "எய்ச்". அதனால ஹெச்எம் அவங்களுக்கு ஆன், நம்ம வாய்க்கு எ. பரீட்சைல ஆன் போட்டுருங்க, ஸ்டாஃப் ரூம்ல என்ன வேணா சொல்லிக்கோங்க.

இதே விதி நம்மகிட்டயும் இருக்குங்கிறது மறந்தே போச்சுல்ல? ஓர் ஊர், ஒரு மரம். ஓர் ஆண்டு, ஒரு வருடம். உயிருக்கு முன்னாடி ஓர், மெய் ஏறினதுக்கு முன்னாடி ஒரு. இதுல இன்னொரு கூத்து, எ, ஆன் ரெண்டுக்கும் மூலம் பழைய இங்கிலீஷ்ல ஒண்ணுன்னு அர்த்தம் வர்ற சொல்லுதான், அதாவது அவங்க எ-யும் நம்ம ஒருவும் ஒரே வேலைலருந்து வந்தவங்க. அந்த ஆன்ல இருக்குற நகரம் எங்க ஒட்டுதுன்னு தெரியாம வெள்ளைக்காரனே கொழம்பியிருக்கான். கிரிக்கெட் அம்பயர் இருக்காரே, அந்த வார்த்தை ஃப்ரெஞ்ச்லருந்து வந்தப்போ முன்னாடி ஒரு ந இருந்துச்சு, கிட்டத்தட்ட "நம்பயர்". ஜோடி சேராத மூணாவது ஆளுன்னு அர்த்தம். "எ நம்பயர்"னு சொல்லிச் சொல்லி "ஆன் அம்பயர்"னு காதுல விழுந்து, ந தாவி அந்தப் பக்கம் போயிருச்சு. ஏப்ரனும் அப்படித்தான் நகரத்தத் தொலைச்சுது. நிக்நேம் அதுக்கு நேர் எதிர், ஆனோட நகரத்தப் பிடுங்கிக்கிச்சு.

ஓய்வு பெற்றவர், பாளையங்கோட்டை: எங்க குடியிருப்புச் சங்க போர்டுல "தி செக்ரட்டரி அண்ட் ட்ரெஷரர் ஹேஸ் ரிசைன்ட்"னு நோட்டீஸ் ஒட்டிருக்காங்க. ரெண்டு பேரும் போயிட்டாங்கன்னு பாதி பேரு, ஒருத்தர்தான்னு மீதி பேரு. தீர்ப்பு சொல்லுங்க.

நோட்டீஸ நம்பினா ஒருத்தர்தான் ஐயா. தி ஒண்ணுதான் இருக்கு, ஹேஸ் இருக்கு, ஆக செயலாளரும் பொருளாளருமான ஒரே மனுஷர் ராஜினாமா. "தி செக்ரட்டரி அண்ட் தி ட்ரெஷரர் ஹேவ்"னு இருந்தா செயலாளரும் வேற, பொருளாளரும் வேற, ரெண்டு நாற்காலியும் காலி. தமிழ்ல அந்த "ஆன" செய்யிற வேலைய அங்க ஒரு தி இல்லாம இருந்து செய்யுது. நோட்டீஸ் எழுதினவருக்கு இதெல்லாம் தெரிஞ்சுதான் எழுதினாரான்னு என்னால சொல்ல முடியாது, எதுக்கும் சாவி யார்கிட்ட இருக்குன்னு பாத்துக்கோங்க.

கல்லூரி மாணவர், சேலம்: கமெண்ட்ரில "இந்தியா ஆர் 180 ஃபார் 4"ங்கிறாங்க. இந்தியா ஒண்ணுதானே?

நாடு ஒண்ணு, ஆடுறது பதினோரு பேரு. பிரிட்டிஷ் வழக்குல டீம பல பேரா பாக்குறது சகஜம், அமெரிக்கால டீம் இஸ்தான். அந்த அமெரிக்காவே தன்னப் பன்மையா பாத்த காலம் உண்டு, அடிமை முறைய ஒழிச்ச 13ஆவது சட்டத்திருத்தத்துல, 1865ல, யுனைடெட் ஸ்டேட்ஸ "தேர்"னு பன்மைலதான் எழுதிருக்காங்க. இப்ப இஸ். பரீட்சைக்கு ஒண்ணே ஒண்ணு, போலீஸ் எப்பவும் ஆர், நியூஸ் எப்பவும் இஸ்.

ஏழாம் வகுப்பு மாணவரின் அம்மா, தாம்பரம்: லீவ் லெட்டர்ல "ஐ ஆம் அனேபிள் டு அட்டெண்ட் தி ஸ்கூல்"னு எழுதறோமே, தப்பாமே?

தலைமுறை தலைமுறையா வர்ற லெட்டர் அது, "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்"னு ஆரம்பிச்சா கை தானா முடிச்சிடும். நானும் அதேதான் எழுதினேன். கண்டிப்பா பாத்தா அங்க தி வேணாம். பையன் படிக்கப் போறது வெறும் ஸ்கூல். நீங்க பீஸ் கட்டப் போனா அது தி ஸ்கூல், ஏன்னா நீங்க கட்டடத்துக்குப் போறீங்க. தமிழ்ல ரெண்டு பேருக்குமே "ஸ்கூலுக்குப் போனாங்க"தான், அதனால இந்த வித்தியாசம் நமக்கு உறைக்கிறதில்ல. காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் சளிக்கும் எ போடுவாங்க, மலேரியா, டெங்குவுக்குப் போடமாட்டாங்க, ஃப்ளூவுக்குத் தி. ஏன்னு கேக்காதீங்க. கிளாஸ் டீச்சர் காய்ச்சலத்தான் பாப்பாங்க.

வாசகர், கோவில்பட்டி: கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க, ஒரு எ விட்டுப்போனா என்ன குடியா முழுகிடும்? பேப்பர் ஹெட்லைன்லயே போடறதில்ல.

ஹெட்லைன்ல எடம் பத்தாது, அதுவும் அவங்க விட்டத படிக்கிறவன் மனசுக்குள்ள போட்டுக்குவான். ஆனா நிலாவுல கால வெச்ச மனுஷனுக்கே ஒரு எ பிரச்சன ஆயிருக்கு. 1969ல நீல் ஆம்ஸ்ட்ராங் இறங்கினப்போ சொன்னது உலகத்துக்கே கேட்டது "ஒன் ஸ்மால் ஸ்டெப் ஃபார் மேன், ஒன் ஜயண்ட் லீப் ஃபார் மேன்கைண்ட்"னு. வெறும் மேன்னா மனித குலம், மேன்கைண்ட்னாலும் மனித குலம், அப்ப மனித குலத்துக்குச் சின்ன அடி, மனித குலத்துக்குப் பெரிய பாய்ச்சல்னு ஆகுது. "ஃபார் எ மேன்"னு ஒரு தனி மனுஷனச் சொல்லத்தான் நெனச்சேன்னு அவரே பின்னாடி சொன்னாரு. அந்த எ வாய்லருந்து வந்துச்சா, வழில தொலைஞ்சுதான்னு டேப்பப் போட்டு இன்னிக்கு வரைக்கும் சண்டை.

என் கதை அவ்ளோ உசரம் இல்ல. வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு பையனோட ரிப்போர்ட் கார்டுல, கணக்குல இப்பத்தான் கொஞ்சம் ஆர்வம் வந்துருக்குன்னு பாராட்டி எழுத நெனச்சு "ஹி ஹேஸ் லிட்டில் இன்ட்ரெஸ்ட் இன் மேத்ஸ்"னு எழுதிட்டேன். எ லிட்டில்னா கொஞ்சம் இருக்கு. வெறும் லிட்டில்னா இருக்குன்னு சொல்ற அளவுக்கு இல்ல. மறுநாள் காலைல பிரேயர் முடியிறதுக்குள்ள அப்பா வந்து நிக்கிறாரு, கையில கார்டு, பக்கத்துல வீங்கின கண்ணோட பையன். "டீச்சர், ராத்திரியெல்லாம் இவன் ஒக்காந்து கணக்குப் போட்டான், நீங்க இப்படி எழுதிட்டீங்களே"ங்கிறாரு. கார்ட வாங்கி, அவர் கண்ணு முன்னாடியே சிவப்பு இங்க்ல அந்த எ-வ நடுவுல சொருகிக் குடுத்தேன். அதப் பாத்துட்டு "இதுல என்ன டீச்சர் மாறிருக்கு?"ன்னு கேட்டாரு பாருங்க, பிரேயர் பெல்லு அடிச்சு முடிஞ்சும் அங்கயே நின்னு விளக்கிட்டிருந்தேன்.